ஹார்ட்விக் ஹால்: சுவரைவிடக் கண்ணாடி மிகுந்த வீடு

கேள்வி இது: "இங்கிலாந்தில் ஒரே ஒரு பழைய நாட்டுப்புற மாளிகையைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பெரிய பெயரைச் சொல்கிறார்கள். கட்டடக்கலை புரிகிற மாதிரி பார்க்க எது நல்லது? அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?"

என் பதில் ஹார்ட்விக் ஹால். டார்பிஷயரில், செஸ்டர்ஃபீல்டு நகரத்துக்குத் தென்கிழக்கே, ஒரு குன்றின் விளிம்பில் நிற்கிறது. எம்-1 நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்கள் கண்ணுக்கே தெரியும். சாட்ஸ்வொர்த் இதைவிடப் பெரியது, பிளெனிம் இதைவிடப் பகட்டானது. ஆனால் அப்படிப்பட்ட மாளிகைகள் பலவற்றில் பின்வந்த தலைமுறைகள் இடித்தும் சேர்த்தும் மாற்றியும் வைத்திருப்பதால், எது எந்தக் காலத்து வேலை என்று பிரித்தறிவதற்கே தனிப் படிப்பு வேண்டும். ஹார்ட்விக் அப்படியில்லை. 1590-க்கும் 1597-க்கும் இடையே, ஒரே மூச்சில், ஒரே பெண்மணியின் விருப்பப்படி எழுந்தது. பிறகு பெரிதாக யாரும் கை வைக்கவில்லை. ஏன் கை வைக்கவில்லை என்பதில்தான் இந்த வீட்டின் பாதிக் கதை இருக்கிறது.

முதலில் அந்தப் பெண்மணி. எலிசபெத் என்பது பெயர். ஹார்ட்விக்கைச் சேர்ந்த பெஸ் என்றுதான் சரித்திரத்தில் நிலைத்துவிட்டார். 1527 வாக்கில் இதே குன்றின் மேல் இருந்த சிறிய பண்ணை வீட்டில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் இறந்துபோனார். வாரிசு சிறுவனாக இருந்ததால், அந்தக் காலச் சட்டப்படி நிலத்தின் நிர்வாகத்தில் அரசாங்கம் தலையிட்டது. பெண்பிள்ளைகளுக்குத் தலா 40 மார்க் சீதனம் என்று தகப்பனார் எழுதிவைத்திருந்தார். இன்றைய கணக்கில் அல்ல, அன்றைய கணக்கிலேயே சுமார் 27 பவுண்டு. அதுதான் அவருடைய முதல்.

நான்கு முறை மணம் முடித்தார். முதல் கணவர் ராபர்ட் பார்லோ மிக இளம் வயதிலேயே 1544-இல் இறந்தார். விதவைக்குச் சேர வேண்டிய நிலப் பங்கைத் தர மறுத்தவர்களோடு வழக்காடித்தான் பெஸ் அதைப் பெற்றார். பதின்பருவத்தில் கற்ற அந்தப் பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை என்று நினைக்கிறேன். சொத்து ஆவணம் என்றால் எழுத்தெழுத்தாகப் படிக்கிறவராக இருந்தார். இரண்டாவது கணவர் சர் வில்லியம் கேவண்டிஷ், அரசாங்கக் கருவூல அதிகாரி. 1549-இல் சாட்ஸ்வொர்த் நிலத்தை வாங்கி இருவரும் சேர்ந்து அங்கே ஒரு மாளிகை எழுப்பினார்கள். எட்டுப் பிள்ளைகள் பிறந்து ஆறு தங்கின. 1557-இல் அவர் இறந்தபோது அரசுக்கு 5,000 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்துவிட்டுப் போனார். மூன்றாமவர் சர் வில்லியம் சென்ட் லோ, அரசி முதலாம் எலிசபெத்தின் மெய்க்காவல் படைத் தலைவர். அவரும் சில ஆண்டுகளில் இறந்து, தன் சொத்தை மனைவிக்கே எழுதிவைத்தார். நான்காமவர்தான் ஷ்ரூஸ்பரி பிரபு ஜார்ஜ் டால்பட், நாட்டின் மிகப் பெரிய நிலப்பிரபுக்களில் ஒருவர்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு சோதனை வந்தது. ஸ்காட்லாந்து அரசி மேரி இங்கிலாந்தில் அடைக்கலம் தேடிச் சிறைப்பட்டபோது, அவரைக் காவலில் வைத்திருக்கும் பொறுப்பு 1569-இல் ஷ்ரூஸ்பரி பிரபுவிடம் வந்தது. பதினைந்து ஆண்டுக்கு மேல் அந்தப் பொறுப்பு நீடித்தது. செலவுக்கு அரசி எலிசபெத் தந்த பணம் போதவில்லை; பிரபுவுக்கு நிம்மதி போயிற்று. கணவன் மனைவிக்குள் சண்டை முற்றி, 1580-களின் நடுவில் பெஸ் பிரிந்து பிறந்த ஊருக்கே வந்துவிட்டார். ஹார்ட்விக் நிலம் அவருடைய சகோதரர் கையில் கடனில் மூழ்கியிருந்தது. அவர் அதை வாங்கியிருந்தார்.

இங்கே போகிறவர்களைக் குழப்புகிற விஷயம், குன்றின் மேல் இரண்டு மாளிகைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது. கூரையில்லாமல் பாழடைந்து நிற்பது பழைய ஹால். பிறந்த வீட்டை ஒட்டி 1587 முதல் பெஸ் கட்டியது அது. கணவரோடு வழக்கு நடந்துகொண்டிருந்த நாட்களில், கையில் இருந்ததைக் கொண்டு பகுதி பகுதியாக நீட்டிக் கட்டியதால் அதில் ஒழுங்கு குறைவு. 1590 நவம்பரில் ஷ்ரூஸ்பரி பிரபு இறந்தார். விதவைப் பங்கு கைக்கு வந்ததும் பெஸ் இங்கிலாந்தின் பெரும் பணக்காரப் பெண்மணி ஆனார். பழைய ஹாலின் வேலை முடியும் முன்பே, கூப்பிடு தூரத்தில் புதிய ஹாலுக்குக் கால்கோள் போட்டாயிற்று. அப்போது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று இல்லை, இரண்டையுமே பயன்படுத்தினார். புதியதில் கொள்ளாத விருந்தாளிகளும் பணியாட்களும் பழையதில் தங்கினார்கள்.

இனி கட்டடம். திட்டம் ராபர்ட் ஸ்மித்சனுடையது என்பதை ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கல் தச்சராகத் தொழிலைத் தொடங்கி, லாங்லீட் மாளிகையில் வேலை பார்த்து, நாட்டிங்ஹாமுக்கு அருகே வொல்லட்டன் ஹாலைக் கட்டி முடித்தவர். அவர் கல்லறையில் 'ஆர்க்கிடெக்டர்' என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. கட்டடக் கலைஞர் என்ற தனித் தொழிலே இங்கிலாந்தில் உருவாகாத காலம் அது என்பதால் அந்த ஒரு சொல்லுக்கு மதிப்பு அதிகம். பெஸ்ஸின் கணக்குப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. பக்கத்துக்குப் பக்கம் தானே சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். அவற்றில் 1597-இல் ஸ்மித்சனுக்கு 20 ஷில்லிங், அவர் மகனுக்கு 10 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு பதிவு வருகிறது. இங்கிலாந்துக் கட்டடக்கலையின் உச்சங்களில் ஒன்றுக்கு அதை வரைந்தவர் பெயரில் கிடைக்கும் சாட்சி ஏறத்தாழ அவ்வளவுதான்.

மேற்கு முகப்புக்கு எதிரே போதிய தூரத்தில் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். உள்ளே அவசரப்பட்டு ஓட வேண்டாம். மூன்று தளங்கள். கீழ்த்தள ஜன்னல்கள் குட்டை. நடுத்தள ஜன்னல்கள் அதைவிட உயரம். மேல்தள ஜன்னல்கள் எல்லாவற்றையும்விட உயரம். அதற்கும் மேலே ஆறு கோபுரங்கள் எழும்புகின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் கல்லில் சித்திரமாகச் செதுக்கிய 'ஈ.எஸ்.' என்ற இரண்டு எழுத்து, எலிசபெத் ஷ்ரூஸ்பரி. பிரிந்துபோன கணவரின் பட்டத்தைத் தன் பெயரோடு சேர்த்து வானத்தில் எழுதிவைத்தார்.

ஜன்னலின் உயரம் தளத்தின் அந்தஸ்தைச் சொல்கிறது. கீழே சமையல், பண்டகம், வேலையாட்கள். நடுவில் பெஸ்ஸும் குடும்பமும் அன்றாடம் வாழும் அறைகள். உச்சியில் அரசாங்க விருந்தாளிகளுக்கான பெரும் அறைகள். பிற்காலத்து இங்கிலாந்து மாளிகைகளில் முக்கியமான அறைகள் முதல் மாடியிலோ தரைத்தளத்திலோ இருக்கும். இங்கே மட்டும் இரண்டு மாடி ஏற வைக்கிறார்கள். ஏறி முடித்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பெஸ்ஸின் நிலப்பரப்பு தெரியும். இதை நான் வெறும் பெருமை என்று பார்க்கவில்லை. நாற்பது மார்க்கோடு அனுப்பப்பட்ட பெண் பிறந்த குன்றின் மேலேயே இதைக் கட்டினார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

'ஹார்ட்விக் ஹால், சுவரைவிடக் கண்ணாடி அதிகம்' என்று ஆங்கிலத்தில் எதுகையோடு ஒரு பழைய சொலவடை உண்டு. அன்று கண்ணாடி விலையுயர்ந்த பொருள். பெரிய தகடாகச் செய்யத் தெரியாது. சின்னச் சின்னத் துண்டுகளை ஈயப் பட்டையில் கோத்து, கல் சட்டங்களுக்கு இடையே பொருத்த வேண்டும். பெஸ்ஸுக்கு விங்ஃபீல்டில் சொந்தக் கண்ணாடிப் பட்டறை இருந்தது. கல், குன்றின் அடிவாரத்திலேயே வெட்டினார்கள். மரம் சொந்தக் காட்டிலிருந்து. அவர் வாங்கியது பெரும்பாலும் கைத்திறனைத்தான். வொல்லட்டனில் வேலை முடித்த கல்தச்சர்கள் சிலரே இங்கே வந்து சேர்ந்தார்கள்.

இவ்வளவு ஜன்னல் வைத்தால் சுவர் எப்படித் தாங்கும்? அதுவும் இங்கிலாந்துக் குளிருக்கு ஒவ்வொரு பெரிய அறையிலும் கணப்பு வேண்டும். கணப்புக்குப் புகைபோக்கி வேண்டும். வழக்கமாகப் புகைபோக்கிகள் வெளிச்சுவரில் அமையும், ஜன்னலுக்கான இடத்தைத் தின்றுவிடும். இங்கே அவற்றை உட்சுவர்களுக்குள் தள்ளிவிட்டார்கள். வீட்டின் நீளவாக்கில் நடுவே ஓடும் தடித்த சுவர், முதுகெலும்பு மாதிரி, பாரத்தையும் தாங்கிப் புகையையும் மேலே கொண்டுபோகிறது. அதனால் வெளிச்சுவரைத் தாராளமாகத் திறந்துவிட முடிந்தது. அரண்மனைக்கும் கோட்டைக்கும் உள்ள வித்தியாசமும் இதிலேயே தெரிகிறது. எதிரி வருவான் என்று அஞ்சுகிறவன் இப்படி ஜன்னல் வைக்க மாட்டான்.

ஒரு சின்னப் பித்தலாட்டமும் உண்டு. முகப்பின் சமச்சீர் கெடக்கூடாது என்பதற்காகச் சில ஜன்னல்கள் பொய்யாக வைக்கப்பட்டிருக்கின்றன. வெளியே ஒரே நெடிய ஜன்னலாகத் தெரிவதற்குப் பின்னால் உள்ளே இரண்டு தாழ்வான தளங்கள் ஒளிந்திருக்கும். வேறு சிலவற்றுக்குப் பின்னால் வெறும் சுவர்தான்.

வாசலைத் தாண்டியதும் கவனிக்க வேண்டியது கூடம். இடைக்கால இங்கிலாந்து வீடுகளில் கூடம்தான் உயிர். எஜமானர் முதல் குதிரைக்காரர் வரை அங்கேதான் சாப்பிடுவார்கள். அந்தக் கூடம் வீட்டு முகப்புக்கு இணையாக, நீளவாக்கில் கிடக்கும். ஒரு முனையில் வாசல், மறுமுனையில் எஜமானரின் மேடை. எனவே வாசல் முகப்பின் நடுவில் அமையவே அமையாது, ஓரமாகத்தான் விழும். சமச்சீரை விரும்பிய எலிசபெத் காலத்துக் கட்டடக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. வாசலை நடுவில் வைத்துவிட்டு உள்ளே ஆளைச் சுற்றவிட்டுக் கூடத்தின் ஓரத்துக்குக் கொண்டுவருவது போன்ற சமாளிப்புகளைச் செய்தார்கள். ஹார்ட்விக்கில் கூடத்தையே தொண்ணூறு பாகை திருப்பிவிட்டார்கள். வாசல் நடுவில்; நுழைந்ததும் கூடம் நேராக வீட்டின் குறுக்கே பின்பக்கம் வரை ஓடுகிறது; இருபுறமும் அறைகள் சமமாகப் பிரிகின்றன. எழுதும்போது எளிமையாகத் தெரிகிறது. ஆனால் நூற்றாண்டுப் பழக்கத்தை உடைத்த வேலை இது. சாப்பாட்டுக்கூடமாக இருந்தது வரவேற்புக் கூடமாக மாறத் தொடங்கிய கட்டத்தை இந்த ஒரு தரைப்படத்தில் பார்த்துவிடலாம்.

கூடத்திலிருந்து கற்படிக்கட்டு. எல்லோரும் அறைகளைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு இந்த வீட்டில் மிகப் பிடித்தது படிக்கட்டு. ஒரு கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி ஏறுவதாக இல்லை. அகலமான, தாழ்வான படிகள் வீட்டுக்குள்ளேயே ஒரு தெருவைப்போல நடந்து போகின்றன. கொஞ்சம் இருட்டு, திரும்பினால் ஜன்னல் வெளிச்சம், மறுபடி இருட்டு. நடுத்தளத்தில் ஒரு தங்கல். பிறகு இன்னும் மேலே. கடைசித் திருப்பத்துக்குப் பிறகு உயர்பெரும் அறையின் கதவு. எதிர்பார்ப்பை எப்படிக் கட்டுவது என்று ஸ்மித்சனுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த உயர்பெரும் அறையில் சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க கிரேக்கக் காவிய வீரன் யுலிசீஸின் கதையை நெய்த சித்திரத் திரைகள். அவற்றை பெஸ் 1587-இலேயே வாங்கிவிட்டார். அறைதான் திரைகளின் அளவுக்கு ஏற்பக் கட்டப்பட்டது. திரைகளுக்கு மேலே, கூரையைத் தொடும்வரை சுதை வேலைப்பாடு. காடு ஒன்று சுவரைச் சுற்றி ஓடுகிறது. மரங்கள், மான்கள், காட்டு மிருகங்கள், நடுவே தோழியரோடு வேட்டைத் தெய்வம் டயானா. ஆபிரகாம் ஸ்மித் என்ற கலைஞரின் தலைமையில் நடந்த வேலை. வண்ணம் இப்போது மங்கிவிட்டது. புதிதில் பளிச்சென்று இருந்திருக்கும். டயானா கன்னித் தெய்வம். மணமே செய்துகொள்ளாத அரசி எலிசபெத்தைக் குறிப்பால் உணர்த்துவது. கணப்புக்கு மேலே அரசியின் சின்னமும் இருக்கிறது. அரசி என்றாவது ஒருநாள் வந்து இந்த அறையில் அமர வேண்டும் என்பதற்காகவே இந்தத் தளம். அரசி வரவேயில்லை.

அறையை ஒட்டிக் கிழக்குப் பக்கம் முழுக்க நீள்கூடம். சுமார் 50 மீட்டர் நீளம். மழை நாளில் உலாவ, படங்களைப் பார்க்க, தனியாகப் பேச. இதன் சுவரில் பைபிளின் கிதியோன் கதையைச் சொல்லும் பதின்மூன்று திரைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 மீட்டர் உயரம். ஃபிளாண்டர்ஸ் நாட்டில், அரசவையில் செல்வாக்கோடு இருந்த சர் கிறிஸ்டோபர் ஹாட்டனுக்காக நெய்யப்பட்டவை. அவர் கடனோடு இறந்தபின் 1592-இல் பெஸ் அவற்றை விலை பேசினார். 326 பவுண்டுக்குச் சற்று மேல். திரைகளில் ஹாட்டனின் குடும்பச் சின்னங்கள் இருந்தன. மாற்றியாக வேண்டும் என்று சொல்லி விலையில் 5 பவுண்டு குறைத்துக்கொண்டார். புதிதாக நெய்ய வைக்கவில்லை. தன் சின்னத்தைத் துணியில் வரைந்து மேலே ஒட்ட வைத்தார். ஹாட்டனின் சின்னம் பெண்மான். பெஸ்ஸின் குடும்பத்துக்குரியது ஆண்மான். பெண்மானுக்குக் கொம்பு வரைந்ததோடு வேலை முடிந்தது. ஐந்து பவுண்டுக்குப் பேரம் பேசத் தெரிந்தவரால்தான் இப்படி ஒரு மாளிகையைக் கட்டி முடிக்க முடியும்.

விருந்து முடிந்ததும் முக்கியமானவர்களைக் கூரைக்கு அழைத்துப்போவார்கள். ஈயத் தகடு பாவிய மொட்டை மாடியில் நடந்து கோபுர அறை ஒன்றுக்குப் போய், இனிப்பும் மதுவும் சாப்பிட்டபடி நிலக்காட்சியைப் பார்ப்பது அந்தக் காலத்து நாகரிகம். அன்றைய ஆங்கிலத்தில் 'பேங்க்வெட்' என்றால் இந்தத் தின்பண்டப் பந்திதான்.

இந்த அழகான வீட்டில் அழுதவர் ஒருவர் உண்டு. பெஸ்ஸின் மகள் வயிற்றுப் பேத்தி ஆர்பெல்லா ஸ்டூவர்ட், பிறப்பு 1575. தகப்பன் வழியில் ஏழாம் ஹென்றியின் இரத்தம். அதாவது எலிசபெத்துக்குப் பிறகு முடிக்கு உரிமை கோரக்கூடியவர்களில் ஒருவர். சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். அரசுரிமைப் பேச்சே அவருக்கு விலங்காயிற்று. இருபத்தேழு வயதில், பாட்டியின் கண்காணிப்பு தாங்காமல், சீமோர் குடும்பத்துக்குத் தன் திருமணத்துக்காக ரகசியத் தூது அனுப்பினார். அவர்களும் முடிக்கு உரிமை உள்ள குடும்பம் என்பதால் விஷயம் அரசவை வரை போயிற்று. பாட்டி உயிலிலிருந்து பேத்தியின் பெயரை எடுத்துவிட்டார். பின்னாளில் 1610-இல் வில்லியம் சீமோரை ரகசியமாக மணந்து, ஆண் வேடத்தில் தப்பி, கடலில் பிடிபட்டு, 1615-இல் லண்டன் டவர் கோட்டைச் சிறையில் ஆர்பெல்லா இறந்தார். நீள்கூடத்தில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும். ஐம்பது மீட்டர் உலாவலாம், வெளியே போக முடியாது.

பெஸ் 1608 பிப்ரவரி 13 அன்று கடும் குளிர்காலத்தில் இறந்தார். கட்டட வேலை நடக்கும்வரை அவருக்குச் சாவில்லை என்று குறிசொன்னார்களாம். அந்த ஆண்டு உறைபனியில் சாந்து கட்டிப்போய் வேலை நின்றதும் உயிர் போயிற்றாம். இது ஊர்ப்பேச்சு, ஆனால் ஆற்றுநீரே உறைந்த குளிர் என்பது உண்மை. இன்று டார்பி பேராலயமாக இருக்கும் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

இன்னொரு ஊர்ப்பேச்சையும் திருத்திவிடுகிறேன். 'ஸ்காட்லாந்து அரசி மேரியின் அறை' என்று ஒன்றை இங்கே காட்டுவார்கள். மேரி இந்த வீட்டில் கால் வைத்ததில்லை. 1587-இல் அவர் தலை வெட்டப்பட்டபோது இதற்கு அடித்தளமே போடவில்லை.

இப்போது, ஏன் யாரும் கை வைக்கவில்லை என்பது. சொத்து இரண்டாவது மகன் வில்லியம் கேவண்டிஷுக்குப் போயிற்று. அவர் வழியில் வந்தவர்கள்தான் டெவன்ஷயர் டியூக்குகள். அவர்கள் சாட்ஸ்வொர்த்தைத் தலைமை இல்லமாக்கிக்கொண்டார்கள். காலத்துக்கேற்ற மாற்றம், புது நாகரிகம், பெரும் பணம் எல்லாம் அங்கே போயின. பெஸ்ஸும் கேவண்டிஷும் கட்டிய அந்தப் பழைய சாட்ஸ்வொர்த் 1687 முதல் படிப்படியாக மறைந்து, இன்றுள்ள மாளிகை எழுந்தது. ஹார்ட்விக் இரண்டாம் வீடாக ஒதுங்கிக் கிடந்தது. அந்தக் குடும்பத்தில் ஆசிரியராக இருந்த தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் தன் 91-ஆவது வயதில், 1679-இல், இங்கேதான் இறந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் பழைய ஹாலை ஓரளவு இடித்துப் பாழாகவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறாவது டியூக் இந்த வீட்டின் பழமையில் மயங்கி, மேலும் பழையதாகக் காட்டவே ஆசைப்பட்டார். நீள்கூடத்தில் இன்று நிற்கும் பெரிய விதானம் அவர் சாட்ஸ்வொர்த்திலிருந்து கொண்டுவந்த ஓர் அரசாங்கக் கட்டிலின் பகுதி. பெஸ் காலத்தது அல்ல. கட்டடத்தின் எலும்பை அவரும் தொடவில்லை.

1950-இல் பத்தாவது டியூக் இறந்தபோது வாரிசு வரி 80 சதவீதம். வரிக்கு ஈடாக ஹார்ட்விக் அரசுக்குப் போய், 1959-இல் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் வந்தது. பழைய ஹாலை இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற இன்னொரு பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. இங்கே கடைசியாக வாழ்ந்தவர் ஒன்பதாவது டியூக்கின் மனைவி ஈவ்லின் சீமாட்டி. விதவையான பிறகு இங்கேயே தங்கி, நைந்துபோன திரைகளைத் தன் கையாலேயே ஊசி பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தையலுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டளை இருக்கிறது. 1601-இல் பெஸ் எழுதிய உயிலோடு வீட்டிலிருந்த பொருள்களின் முழுப் பட்டியலும் சேர்க்கப்பட்டது. எந்த அறையில் எந்தத் திரை, எந்தக் கட்டில், எந்தப் போர்வை என்பது வரை. இவை வீட்டைவிட்டுப் போகக்கூடாது, ஈரத்திலிருந்தும் பூச்சி அரிப்பிலிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்று வாரிசுகளுக்குச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் மரச்சாமானைவிடத் துணிக்குத்தான் மதிப்பு. நாற்பதாண்டு ஐம்பதாண்டில் அழிகிற துணி, நானூறு ஆண்டு தாண்டி இங்கே இவ்வளவு மிஞ்சியிருப்பதற்கு அந்த உயிலும் ஒரு காரணம். கிதியோன் திரைகள் பதின்மூன்றையும் ஒவ்வொன்றாக இறக்கி, துவைத்து, தைத்து மீண்டும் மாட்ட நேஷனல் டிரஸ்டுக்கு 24 ஆண்டுகள் பிடித்தன. கடைசித் திரை 2023-இல் சுவருக்குத் திரும்பியது.

நீங்கள் போகும்போது இதற்குத் தயாராகப் போங்கள்: மேல்தள அறைகள் எதிர்பார்த்ததைவிட இருட்டாக இருக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது தீப்பற்றியதுபோல மின்னும் அந்த ஜன்னல்களை உள்ளே பெரும்பாலும் மறைப்புப் போட்டு மூடியிருப்பார்கள். சாயத்தையும் நூலையும் வெயில்தான் தின்கிறது. வாசலில் நுழைந்ததும் கண் பழகட்டும் என்று கொஞ்சம் நில்லுங்கள். சுற்றிப் பார்த்து முடித்ததும் உடனே கிளம்பிவிடாமல், மாலை வெயில் மேற்கு முகப்பில் விழும்வரை வெளியே காத்திருங்கள்.